பூஸ்ட் யார் கையில் இருக்கிறது? சூப்பர்சார்ஜரும் பைபாஸ் வால்வும்

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் திரும்பச் சொல்லிப் பார்க்கிறேன். மெல்பர்னில் 2001ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5 வைத்திருக்கிறீர்கள். முந்தைய உரிமையாளர் அதில் ஈட்டன் எம்62 சூப்பர்சார்ஜரை (பெல்ட்டால் சுழன்று எஞ்சினுக்குக் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) எக்ஸாஸ்ட் பக்கமாகப் பொருத்தி, முன்னால் அந்தக் காற்றை ஆற்றும் இன்டர்கூலர் வைத்திருக்கிறார். த்ராட்டிலை, அதாவது நீங்கள் மிதிக்கும்போது திறக்கும் காற்றுக் கதவை, பழைய இடத்திலேயே, எஞ்சினுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டின் வாயிலிலேயே விட்டிருக்கிறார். வாங்கியபோது பூஸ்ட்டை, அதாவது கூடுதல் காற்றழுத்தத்தை, 8 பிஎஸ்ஐ என்று காட்டிய கேஜ் இப்போது 6-ஐத் தாண்டுவதில்லை. 3,000 ஆர்பிஎம்மில் முன்பு இருந்த அளவே இருக்கிறது, 5,500-க்கு மேல்தான் ஊசி சோர்ந்துபோகிறது. தள்ளிய காற்றைச் சூப்பர்சார்ஜரின் வாய்க்கே திருப்பிவிடும் பைபாஸ் வால்வு கசிகிறதோ என்பது உங்கள் சந்தேகம். எக்ஸாஸ்ட் வாயுவால் சுழலும் டர்போ வைத்திருப்பவர்களைப் போல அந்த வால்வில் ஒரு கன்ட்ரோலரை இணைத்து, சாலைக்கு 5, பந்தயத் தடத்துக்கு 10 என்று பொத்தானால் மாற்றிக்கொள்ளலாமா என்றும், காற்றை வெளியே சீறவிடும் வால்வாக அதை மாற்றலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

இந்த மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: சூப்பர்சார்ஜர் உள்ள வண்டியில் பூஸ்ட் யார் கையில் இருக்கிறது? சுருக்கமான பதில், புல்லியின் கையிலும் உங்கள் வலது காலிலும். பைபாஸ் வால்வின் வேலை வேறு. உங்கள் 2 பிஎஸ்ஐ காணாமல் போனதற்கு அந்த வால்வு காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு என்றும் நினைக்கிறேன். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படித்துவிட்டு இந்த நாட்டுக்கு வந்து பதினெட்டு ஆண்டுகளாக எஞ்சின் வேலை செய்கிறேன். அதில் பாதிக்கு மேல் சூப்பர்சார்ஜர் வண்டிகளோடு கழிந்தது. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் குழப்பத்தால் நல்ல எஞ்சின்கள் வீணாவதைப் பார்த்திருக்கிறேன்.

எம்62 ரூட்ஸ் வகையைச் சேர்ந்தது. பெயரில் உள்ள 62, ஒரு சுற்றுக்கு அது நகர்த்தும் காற்றின் அளவு, கன அங்குலத்தில். ஏறத்தாழ 1.02 லிட்டர். களத்துமேட்டில் மரக்காலால் நெல் அளப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ரோட்டர் ஒரு முறை சுற்றினால் ஒரு மரக்கால் காற்று முன்பக்கம் போய் விழுகிறது. உள்ளே அது காற்றை அமுக்குவதில்லை, அள்ளிப் போடுவதோடு சரி. எதிர்ப்பக்கம் உங்கள் 1,839 சிசி எஞ்சின் தன் மரக்காலால் அள்ளிக்கொண்டு போகிறது. நான்கு ஸ்ட்ரோக் என்பதால் கிராங்கின் (எஞ்சினின் பிரதான தண்டு) ஒரு சுற்றுக்கு அது எடுப்பது 0.92 லிட்டர். நீங்கள் கொடுத்த அளவுப்படி கிராங்க் புல்லி 130 மி.மீ., சூப்பர்சார்ஜர் புல்லி 90 மி.மீ. அதாவது எஞ்சின் ஒரு சுற்று சுற்றும்போது ரோட்டர் ஏறக்குறைய 1.45 சுற்று சுற்றி 1.47 லிட்டரை அள்ளிப் போடுகிறது. போடுகிறவர் வேகமாகப் போடுகிறார், எடுக்கிறவர் மெதுவாக எடுக்கிறார். நடுவில் நெல் குவிகிறது. அந்தக் குவியலின் உயரத்தைத்தான் கேஜ் பூஸ்ட் என்று காட்டுகிறது. ரோட்டருக்கும் உறைக்கும் இடையே திரும்பிக் கசிவது, எஞ்சின் முழுதாக நிரம்பாதது, காற்று சூடேறி விரிவது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் இந்தப் புல்லிக்கு 8 பிஎஸ்ஐ சரியான எண்தான். முந்தைய உரிமையாளர் ஏமாற்றவில்லை.

இதிலிருந்து பலர் தவறவிடும் ஒன்று புலப்படும். கேஜ் காட்டுவது எஞ்சினுக்குள் போன காற்றை அல்ல, போகாமல் வெளியே நின்ற காற்றை. நல்ல எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு போட்டு எஞ்சினின் மூச்சை எளிதாக்கினால் எடுக்கிறவர் வேகமாக எடுப்பார், குவியல் குறையும், கேஜ் ஒரு பிஎஸ்ஐ இறங்கும், ஆனால் சக்கரத்தில் சக்தி கூடும். இதைக் கண்டு பயந்து பழைய எக்ஸாஸ்ட்டைத் திரும்பப் போடச் சொன்ன வாடிக்கையாளர்கள் உண்டு. எனவே கேஜ் குறைந்தது என்றவுடன் "சக்தி போய்விட்டது" என்று முடிவுகட்ட வேண்டாம். எக்ஸாஸ்ட்டையோ கேம்ஷாஃப்ட்டையோ அண்மையில் மாற்றினீர்களா என்று யாராவது கேட்டிருக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை என்பதால் அந்த வழியை மூடிவிட்டு மேலே போகிறேன்.

டர்போவின் கதை வேறு. அங்கே வேஸ்ட்கேட் திறந்தால், எக்ஸாஸ்ட் வாயுவின் ஒரு பகுதி டர்பைனைத் தொடாமலே வெளியேறுகிறது. காற்றை அமுக்கும் வேலையே அந்த அளவுக்குக் குறைகிறது. அதனால்தான் அங்கே கன்ட்ரோலர் ஒழுங்காக வேலை செய்கிறது. உங்கள் பைபாஸ் வால்வு திறந்தாலோ, பெல்ட் இழுத்து, ரோட்டர் சுழன்று, காற்று சூடாகிய பிறகு அதன் ஒரு பகுதி மீண்டும் வாய்ப்பக்கத்துக்கே ஓடுகிறது. கூலி கொடுத்து அளந்த நெல்லைத் திரும்பப் பொலியிலேயே கொட்டுவதற்குச் சமம். அந்தக் கூலி சின்னதில்லை. 8 பிஎஸ்ஐயில் 7,000 ஆர்பிஎம்மில் உங்கள் சூப்பர்சார்ஜரைச் சுழற்ற, என் கணக்கில், 12 கிலோவாட் அளவுக்குக் கிராங்க் கொடுக்கிறது. ரூட்ஸ் வகையின் வெப்பத் திறனை 55 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 30 டிகிரி நாளில் இன்டர்கூலருக்கு முன் காற்று நூறு டிகிரியைத் தொடும்.

இப்போது உங்கள் 5-10 திட்டத்தைப் பாருங்கள். 10 பிஎஸ்ஐ வேண்டுமென்றால் 83 மி.மீ. வாக்கில் சின்னப் புல்லி போட வேண்டும். அந்தப் புல்லி எப்போதும் அங்கேயேதான் இருக்கும். சாலையில் 5-ஆகக் குறைக்க, அமுக்கிய காற்றில் ஐந்தில் ஒரு பங்கை வால்வு வழியே திருப்பிவிட வேண்டும். சூடான காற்று வாய்க்குத் திரும்பி மறுபடி சூடேறும். 5 பிஎஸ்ஐக்கு ஏற்ற பெரிய புல்லி போட்டிருந்தால் 78 டிகிரியில் வெளிவரும் காற்று, இப்படித் திருப்பிவிடும்போது 92 டிகிரியில் வெளிவரும் என்று கணக்கு சொல்கிறது. சாலையில் சில நொடிகள் மிதித்துவிட்டு விடுவதற்கு இந்த 14 டிகிரி தாங்கக்கூடியதே. ஆகவே "முடியவே முடியாது" என்று சொல்ல மாட்டேன். பைபாஸ் குழாய் இன்டர்கூலருக்குப் பின்னாலிருந்து கிளம்பினால், திரும்பும் காற்று ஆறியிருக்கும் என்பதால் நிலைமை இன்னும் நன்றாக இருக்கும். பந்தயத் தடத்தில் நிலைமை அப்படியில்லை. என் சொந்த வண்டியில் 9 பிஎஸ்ஐ புல்லியை வைத்துக்கொண்டு, கோடைக் காலத்தில் எஞ்சினைக் காப்பாற்றுவதாக எண்ணி, வால்வு வழியே 6-க்கு இறக்கி விண்டன் தடத்தில் ஓட்டினேன். முதல் சுற்றில் எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பம் ஏறிக்கொண்டே போனது. ஐந்தாவது சுற்றில் கம்ப்யூட்டர் இக்னிஷன் டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, பின்னுக்குத் தள்ளத் தொடங்கிவிட்டது. அடுத்த முறை பெரிய புல்லி போட்டு, வால்வை இயல்பான வேலைக்கு விட்டுவிட்டுப் போனேன். வெப்பம் ஒரு நிலையில் நின்றது, வண்டியும் முன்பைவிட வேகமாக ஓடியது.

அப்படியானால் அந்த வால்வு எதற்காக இருக்கிறது? நீங்கள் மிதிக்காதபோது சூப்பர்சார்ஜர் தொந்தரவு கொடுக்காமல் இருப்பதற்காக. எஞ்சினோடு பெல்ட்டால் கட்டப்பட்டிருப்பதால், வேண்டாதபோதும் அது சுழன்றுகொண்டே இருக்கும். இந்தச் சிக்கல் பழையது. 1920களின் மெர்சிடிஸ் கார்களில் கம்ப்ரஸர், அதாவது சூப்பர்சார்ஜர், கிளட்ச் வழியாக இணைக்கப்பட்டிருந்தது. ஓட்டுநர் ஆக்சிலரேட்டரைத் தரை வரை அழுத்தினால்தான் அது சுழலும். 1986இல் வந்த டொயோட்டா எம்ஆர்2 சூப்பர்சார்ஜர் மாடலில் அதே வேலையை மின்காந்த கிளட்ச் செய்தது. பிறகு வந்த மினி கூப்பர் எஸ் போன்ற வண்டிகள் கிளட்சையே தூக்கிவிட்டு, ரோட்டரை எப்போதும் சுழலவிட்டு, பைபாஸ் வால்வை மட்டும் நம்பின. வால்வு திறந்திருக்கும்போது ரோட்டரின் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அழுத்தம். காற்று சும்மா வட்டமடிக்கும். அதைச் சுழற்ற மிகச் சிறிய சக்தியே போதும். நெடுஞ்சாலையில் சீராகப் போகும்போது உங்கள் பெட்ரோலை மிச்சப்படுத்துவது அந்த வால்வுதான்.

மினியில் த்ராட்டில் சூப்பர்சார்ஜருக்கு முன்னால் இருக்கிறது. உங்களுடையதில் பின்னால் இருக்கிறது. இந்த வேறுபாட்டை மனதில் அழுத்தமாகப் பதிய வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இணையத்தில் படிக்கும் ஆலோசனைகளில் பெரும்பகுதி மினி போன்ற அமைப்புக்கானவை. அங்கே த்ராட்டிலை மூடினால் சூப்பர்சார்ஜருக்கே காற்று நின்றுபோகும். வால்வு திறக்காவிட்டால் சத்தமும் சூடும் வரும், அவ்வளவுதான். உங்கள் வண்டியில் 7,000 ஆர்பிஎம்மில் காலை எடுத்தால், த்ராட்டில் மூடிய கதவாகிறது. ரோட்டரோ நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கு மேல் சுழன்று நொடிக்கு 170 லிட்டர் காற்றை அந்தக் கதவின்மேல் வீசிக்கொண்டிருக்கிறது. நொடியின் பத்தில் ஒரு பங்கில் 17 லிட்டர். இன்டர்கூலரும் குழாய்களும் சேர்ந்தே அதில் பாதிகூடக் கொள்ளாது. வால்வு உடனே திறக்காவிட்டால் ஹோஸ் பிய்த்துக்கொண்டு போகும், அல்லது பெல்ட் போகும். எனவே "கசிகிறதா பார்க்க வால்வை அடைத்துவிட்டு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். மினியில் செய்யலாம், உங்களுடையதில் செய்யக் கூடாது.

வால்வை அசைப்பது ஒரு சிறிய டப்பா. உள்ளே டயாபிரம், அதன் ஒரு பக்கம் ஸ்பிரிங். ஸ்பிரிங் வால்வை மூடிப் பிடித்திருக்கும். ஸ்பிரிங் உள்ள அறை ஒரு சிறு ஹோஸ் மூலம் த்ராட்டிலுக்குப் பின்னால், மேனிஃபோல்டில் இணைந்திருக்கும். கால் மெல்ல இருக்கும்போது மேனிஃபோல்டில் உள்ள வெற்றிடம் டயாபிரத்தை இழுத்து வால்வைத் திறக்கிறது. மிதித்தால் வெற்றிடம் போய்விடும், ஸ்பிரிங் மூடிவிடும். பூஸ்ட் ஏறினால் அதே அறையில் பூஸ்ட்டும் வந்து ஸ்பிரிங்கோடு சேர்ந்து மூடும் பக்கமே தள்ளும். இவ்வளவு எளிய அமைப்பில் தவறு வரும் இடம் பெரும்பாலும் அந்தச் சிறு ஹோஸ்தான். ஒருமுறை 2 பிஎஸ்ஐக்கு மேல் ஏறாத வண்டி ஒன்று என்னிடம் வந்தது. வேறொரு பட்டறையில் சூப்பர்சார்ஜரையே மாற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஹோஸைத் தடவிக்கொண்டே போனேன். அது பிரேக் பூஸ்டருக்குப் போகும் குழாயில், ஒருவழி வால்வுக்கு அந்தப் பக்கம் கோத்திருந்தது. பிரேக் பூஸ்டரில் வெற்றிடம் எப்போதும் தேங்கி நிற்கும், அதற்காகத்தான் அங்கே ஒருவழி வால்வு. எனவே முழுதாக மிதித்தாலும் பைபாஸ் திறந்தே இருந்தது. ஹோஸை மேனிஃபோல்டுக்கு மாற்றியதும் 7 பிஎஸ்ஐ வந்துவிட்டது. செலவு ஒரு டி-இணைப்பும் அரை மீட்டர் ஹோஸும்.

உங்கள் நோய்க்கு வருகிறேன். கசியும் பைபாஸ் வால்வு என்பது ஒரு நிலையான ஓட்டை. ஒரே அழுத்தத்தில் அது வழியே போகும் காற்று எந்த ஆர்பிஎம்மிலும் ஏறக்குறைய ஒன்றுதான். 3,000 ஆர்பிஎம்மில் உங்கள் ரோட்டர் நொடிக்கு 74 லிட்டர்தான் தள்ளுகிறது, 7,000-இல் 170. நொடிக்கு 10 லிட்டர் கசிந்தால் கீழே அது ஏழில் ஒரு பங்கு, மேலே பதினேழில் ஒரு பங்கு. ஆகவே கசிவு என்றால் பூஸ்ட் கீழேதான் அதிகம் அடிபடும், மேலே போகப் போகச் சரியாகும். இன்டர்கூலர் ஹோஸ் கிளிப் தளர்ந்திருந்தாலும் இதே கணக்குதான். உங்கள் வண்டியில் நேர்மாறாக, கீழே சரியாக இருந்து மேலே குறைகிறது. அப்படிக் குறைவதற்குப் பொதுவாக இரண்டு காரணங்களைத்தான் பார்த்திருக்கிறேன்: பெல்ட் வழுக்குவது, அல்லது உள்ளே வரும் காற்றின் வழி அடைபடுவது.

பெல்ட்டை முதலில் பாருங்கள். சூப்பர்சார்ஜர் புல்லியைச் சுற்றிக் கருப்புத் தூள் படிந்திருக்கிறதா, பெல்ட்டின் வரிகள் கண்ணாடிபோல் பளபளக்கின்றனவா என்று பாருங்கள். நன்றாக மிதித்து ஓட்டிய பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டு, தொடாமல், வெப்பமானியைக் காட்டிச் சூப்பர்சார்ஜர் புல்லியையும், பக்கத்தில் பெல்ட்டைத் தாங்க மட்டும் சுழலும் இட்லர் புல்லியையும் அளந்து பாருங்கள். வழுக்குகிற புல்லி தெளிவாகக் கூடுதல் சூடாக இருக்கும். வெள்ளை மார்க்கரால் பெல்ட்டின் பக்கவாட்டில் கோடு போடுவதெல்லாம் பயனில்லை, ஓட்டத்தில் அதைப் பார்க்க முடியாது. பெல்ட் புல்லியைத் தழுவும் கோணம் போதாமல் இருப்பதும், பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரின் ஸ்பிரிங் களைத்திருப்பதும் இந்த மாற்றியமைத்த வண்டிகளில் சாதாரணம். புதிய பெல்ட்டைச் சரியான இழுப்பில் போட்டதும் 8 திரும்பினால் வேலை முடிந்தது. அதற்காக இழுப்பை இறுக்கிக்கொண்டே போகாதீர்கள், சூப்பர்சார்ஜரின் முன் பேரிங்கும் கிராங்கின் முதல் பேரிங்கும் அதற்கு விலை கொடுக்கும்.

பெல்ட் நன்றாக இருந்தால், ஏர் ஃபில்டருக்கும் சூப்பர்சார்ஜருக்கும் நடுவே ஒரு வெற்றிட மானியை இணைத்து, உச்ச ஆர்பிஎம்மில் எவ்வளவு இழுக்கிறது என்று பாருங்கள். வாயில் இழக்கும் ஒவ்வொரு பிஎஸ்ஐயும் மறுபக்கம் ஒன்றரை பிஎஸ்ஐயாக இழப்பாகும், ஏனென்றால் சூப்பர்சார்ஜர் அழுத்தத்தைப் பெருக்குகிறது. எண்ணெய் ஊறிய ஃபில்டரும், உறிஞ்சும்போது உள்ளே மடங்கும் மெல்லிய ரப்பர் குழாயும் இதைச் செய்யும். மடங்கும் குழாயை நின்ற வண்டியில் கண்டுபிடிக்க முடியாது. உள்ளே கம்பிச்சுருள் உள்ள குழாயாக மாற்றிப் பார்ப்பதே எளிது.

வால்வையும் பார்த்துவிடுவதில் தவறில்லை, பத்து நிமிட வேலை. கையால் இயக்கும் வெற்றிடப் பம்பை அந்த டப்பாவில் மாட்டி மெல்ல இழுங்கள். எந்த வெற்றிடத்தில் லீவர் அசையத் தொடங்குகிறது, எதில் முழுதாகத் திறக்கிறது என்று குறித்து வையுங்கள். பிடித்த வெற்றிடம் ஒரு நிமிடமாவது இறங்காமல் நிற்க வேண்டும். இறங்கினால் டயாபிரம் கிழிந்திருக்கிறது. விட்டதும் லீவர் தயங்காமல் திரும்பி நிறுத்தும் திருகில் வந்து உட்கார வேண்டும். அந்தத் திருகை யாராவது சுழற்றியிருந்தால் தட்டு முழுதாக மூடாமல் நிற்கும், அல்லது அதிகமாக மூடித் துளையில் சிக்கிக்கொள்ளும். சிக்கிக்கொள்வது உங்கள் அமைப்பில் ஆபத்தானது என்பதை மேலே சொன்னேன். ஒன்றைச் சேர்க்கிறேன்: டர்போ வண்டியில் காற்றை வெளியே விடும் ப்ளோ-ஆஃப் வால்வைப் பைபாஸாகப் போட்டிருந்தால், அதன் தட்டை பூஸ்ட்டே முன்னிருந்து தள்ளித் திறக்க முயலும். மேலறைக்கு மேனிஃபோல்டு அழுத்தம் போகும் ஹோஸ் சரியாக இருந்தால்தான் அது மூடி நிற்கும். ஈட்டனோடு வரும் பட்டாம்பூச்சித் தட்டு வகை நடுவில் அச்சில் சுழல்வதால் இந்தத் தொல்லை அதற்கு இல்லை.

வால்வை மின்சாரத்தால் கட்டுப்படுத்துவதை முழுதாகத் தள்ளிவிடவும் எனக்கு மனமில்லை, ஏனென்றால் அதை ஒரு பெரிய நிறுவனமே செய்திருக்கிறது. 1996 முதல் இந்த ஊர்க் காரான ஹோல்டன் கொமடோரில் வந்த 3.8 லிட்டர் சூப்பர்சார்ஜர் வி6 நினைவிருக்கும். ஜெனரல் மோட்டார்ஸின் எல்67 எஞ்சின், அதன் மேல் ஈட்டன் எம்90. அந்த எஞ்சின் குடும்பத்தில் கம்ப்யூட்டர் ஒரு சோலனாய்டு (மின்சாரத்தால் திறந்து மூடும் சிறு வால்வு) வழியே பைபாஸ் டப்பாவுக்குப் பூஸ்ட்டை அனுப்பி வால்வைத் திறக்க முடியும். ரிவர்ஸ் கியர் போன்ற நேரங்களில் பூஸ்ட்டைக் குறைப்பதற்காக அது. கவனியுங்கள், குறுகிய நேரத்துக்கு, பாதுகாப்புக்காக. சக்தியைக் கூட்டிக் குறைக்கும் குமிழாக அவர்கள் அதை வைக்கவில்லை. நீங்களும் அந்த நோக்கத்தோடு செய்வதானால் முறை இது: இரு அறைகளிலும் ஹோஸ் வாய் உள்ள டப்பாவை வாங்குங்கள். ஸ்பிரிங் இல்லாத அறைக்கு த்ராட்டிலுக்கு முன்னுள்ள அழுத்தத்தை நிரந்தரமாகக் கொடுங்கள். ஸ்பிரிங் அறைக்குப் போகும் ஹோஸின் நடுவே மூன்று வாய் சோலனாய்டு வையுங்கள். மின்சாரம் இருந்தால் அது மேனிஃபோல்டை இணைக்கட்டும், இல்லாவிட்டால் அறையை வெளிக்காற்றுக்குத் திறக்கட்டும். மின்சாரம் இருக்கும்போது பூஸ்ட்டில் இரு அறையும் சமம், ஸ்பிரிங் வால்வை மூடி வைக்கும். மின்சாரம் நின்றால் பூஸ்ட் ஒரு பக்கமே தள்ளி வால்வைத் திறந்துவிடும். ஒயர் அறுந்தாலும் ஃபியூஸ் போனாலும் பூஸ்ட் குறையும் பக்கமே விழும். இதைத் தலைகீழாக இணைத்த வண்டிகளையும் பார்த்திருக்கிறேன், அவற்றில் ஒயர் அறுந்தால் முழு பூஸ்ட். குறைந்த நிலையில் எத்தனை பிஎஸ்ஐ நிற்கும் என்பதை அந்த ஸ்பிரிங்தான் தீர்மானிக்கும், நீங்கள் விரும்பிய 5 அமையாமல் 3 அமையலாம். சோலனாய்டை வேகமாகத் துடிக்கவிட்டு நடுவில் ஏதோ ஓர் அளவில் நிறுத்தும் முயற்சி எனக்குத் திருப்தியாக வந்ததில்லை. பட்டாம்பூச்சித் தட்டு முதல் சில டிகிரி திறப்பிலேயே மிகுதியான காற்றை விட்டுவிடும், ஊசி மேலும் கீழும் அலையும்.

காற்றின் வெப்பம் எல்லை தாண்டினாலோ, எஞ்சின் இன்னும் குளிராக இருந்தாலோ, எரிபொருள் அழுத்தம் விழுந்தாலோ மின்சாரத்தைத் துண்டிக்கும்படி கம்ப்யூட்டரில் எழுதிவைத்தால் இந்த அமைப்பு தன் காசுக்கு உழைக்கும். சாலைக்கு 5 என்ற பொத்தானுக்காக மட்டும் என்றால் வேண்டாம் என்பதே என் எண்ணம். பாதி மிதித்தால் பாதி பூஸ்ட். இந்த வகைச் சூப்பர்சார்ஜரின் அழகே அதுதான், டர்போவைப் போலக் காத்திருந்து திடீரென்று வருவதில்லை.

10 பிஎஸ்ஐ ஆசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சூப்பர்சார்ஜர் அதைத் தாங்கும் என்பது உறுதி. 83 மி.மீ. புல்லியில் 7,000 ஆர்பிஎம்முக்கு ரோட்டர் 11,000 சுற்றுக்குள்தான் சுழலும், எம்62-க்கு வழக்கமாகச் சொல்லப்படும் எல்லை 14,000. காற்றின் வெப்பம் 15 டிகிரி கூடும் என்பதும் ஏறக்குறைய உறுதி. எஞ்சின் தாங்குமா என்பதுதான் உறுதியில்லாத இடம். உங்கள் 2001 மாடலின் கம்ப்ரஷன் விகிதம் 10-க்கு 1, பூஸ்ட்டுக்கென்று வடிவமைத்ததல்ல. 98 ஆக்டேன் பெட்ரோலும் நல்ல இன்டர்கூலரும் இருந்தால் 8-இல் பாதுகாப்பான டைமிங் கிடைக்கிறது. 10-க்குப் போய், நாக்கிங் (சிலிண்டருக்குள் கலவை கட்டுப்பாடின்றி வெடிப்பது) வராமலிருக்க டைமிங்கைக் குறைத்தால், கூடுதல் காற்று கொடுத்த சக்தியில் ஒரு பகுதியை அதுவே தின்றுவிடும். தொழிற்சாலை கனெக்டிங் ராடுகள் எந்த இடத்தில் வளையும் என்று ஆளாளுக்கு ஓர் எண் சொல்வார்கள். அவற்றை வளைப்பது குறைந்த ஆர்பிஎம்மில் வரும் முறுக்குவிசையும் நாக்கிங்கும், கேஜில் உள்ள எண் அல்ல. ஒரே பூஸ்ட்டில் ஒரு எஞ்சின் பல ஆண்டு ஓடுகிறது, இன்னொன்று ஒரே மாலையில் போகிறது. வித்தியாசம் பெரும்பாலும் ட்யூனிங்கில் இருக்கிறது. உங்கள் எஞ்சினின் கம்ப்ரஷன் சோதனையும் ட்யூனிங் கோப்பும் பார்க்காமல் 10 போடலாம் என்று நான் எழுதித் தர முடியாது.

காற்றை வெளியே சீறவிடுவது பற்றி: தொழிற்சாலை கம்ப்யூட்டரும் காற்றளவு மானியும் இன்னும் இருந்தால் செய்யாதீர்கள். அளந்து உள்ளே விட்ட காற்றை வெளியே விட்டால், இல்லாத காற்றுக்குப் பெட்ரோல் ஊற்றப்படும். ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் கரும்புகை, காலப்போக்கில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் நாசம். மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்து ஓடும் தனிக் கம்ப்யூட்டர் என்றால் எஞ்சினுக்குத் தீங்கில்லை, ஆனால் ஐட்லிங்கிலும் மெதுவான ஓட்டத்திலும் வால்வு திறந்தே இருப்பதால் அந்தச் சீறல் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். இன்னொன்று, விக்டோரியாவில் சூப்பர்சார்ஜர் சேர்த்த வண்டிக்கு வாஸ் (மாற்றியமைத்த வண்டியைப் பொறியாளர் பார்த்துத் தரும்) சான்றிதழ் வேண்டும். முந்தைய உரிமையாளர் வாங்கியிருந்தால் அதில் குறித்திருக்கும் அமைப்பை நீங்கள் மாற்றினால் சான்றிதழ் செல்லாமல் போகலாம். புல்லி மாற்றுவதற்கும் இது பொருந்தும், கையெழுத்திட்ட பொறியாளரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

நான் உங்கள் வண்டியைத் தொட்டுப் பார்க்கவில்லை. மேலே சொன்ன காரண வரிசை, நீங்கள் எழுதிய இரண்டு எண்களை நம்பிச் சொன்னது. 3,000-இல் பூஸ்ட் உண்மையிலேயே குறையவில்லையா என்பதை மூன்றாவது கியரில், 2,500-இலிருந்து 7,000 வரை முழுதாக மிதித்து, பதிவுசெய்து உறுதிப்படுத்துங்கள். பந்தயத் தடத்திலோ, வண்டியை நிறுத்தியபடியே ஓட்டிச் சக்தி அளக்கும் டைனோவிலோ செய்யுங்கள், தெருவில் வேண்டாம். ஆர்பிஎம், மேனிஃபோல்டு அழுத்தம், இன்டர்கூலருக்குப் பின் காற்றின் வெப்பம், காற்று-எரிபொருள் விகிதம் நான்கும் அதில் இருக்கட்டும். புதிய பெல்ட் போடுவதற்கு முன் ஒன்று, போட்ட பின் ஒன்று. இரண்டையும் அனுப்பினால் உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன். அதுவரை, மேலே சொன்ன பம்ப் சோதனையைத் தவிர, அந்தப் பைபாஸ் வால்வின்மேல் கை வைக்க வேண்டாம்.